பரவாயில்லை வேறு, தெரியாது வேறு

அன்றைக்கு அறையில் யார் யார் இருந்தார்கள், எங்கே உட்கார்ந்தார்கள் என்பதை முதலில் எழுதிவிடுகிறேன். பிறகு குழப்பம் வரக் கூடாது.

மேசையின் தலைப்பக்கம், ஜன்னலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு எங்கள் பிரிவின் மேலாளர். வெளிச்சம் அவருக்குப் பின்னாலிருந்து வந்ததால் அவர் முகம் எங்களுக்குச் சரியாகத் தெரியாது, எங்கள் முகம் அவருக்கு நன்றாகத் தெரியும். அவருக்கு வலப்பக்கம் சிப்பின் சுற்றை வடிவமைத்தவர், இரண்டு கைப்பேசிகளையும் கவிழ்த்து வைத்துக்கொண்டு. இடப்பக்கம், பிஸ்கட் தட்டுக்கு அருகில், சோதனை மென்பொருளை எங்களுக்கு விற்ற கம்பெனியின் ஆள். அவரைக் கருவிக்காரர் என்போம். கதவோரம் மனிதவளப் பிரிவின் அம்மாள், எந்த நிமிடமும் எழுந்து போகத் தயாரானவர் போல. மேசையின் கடைசியில், உட்கார்ந்தால் மெல்ல மெல்லக் கீழே இறங்கிவிடும் அந்தப் பழுதான நாற்காலியில் என் ஓரகத்தி, அதாவது என் கொழுந்தனாரின் மனைவி. வீட்டில் அவளுக்குச் சின்னவள் என்று பெயர். அவளுக்குப் பக்கத்தில், கூட்டக் குறிப்பு எழுதும் தாளோடு நான்.

அந்த நாற்காலியைப் பற்றி எல்லோருக்கும் தெரியும். முதலில் வருகிறவர்கள் நல்லதைப் பிடித்துக்கொள்வது வழக்கம். சின்னவள்தான் முதலில் வந்தாள். மேலாளர்தான் அங்கே உட்காரும்படி கையைக் காட்டினார்.

மேலாளருக்கு அலுவலகத்தில் ‘பரவாயில்லை சார்’ என்று பெயர். விடுப்பு கேட்டால் பரவாயில்லை. வேலை முடியவில்லை என்றாலும் பரவாயில்லை. திட்டுவதும் அதே வார்த்தையில்தான். அதை அவர் இழுக்கிற நீளத்தை வைத்து நாங்கள் பொருள் கண்டுகொள்வோம்.

நிற்க. எங்கள் வேலை இன்னதென்று அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஒரு சிப் தொழிற்சாலைக்குப் போகும் முன், அதைக் கணினிக்குள் ஓட்டிப் பார்ப்போம். அதற்கு வரக்கூடிய நிலைமைகளை எல்லாம் பட்டியல் போடுவோம். ஒவ்வொரு நிலைமைக்கும் ஒரு ‘பின்’. குப்பைத்தொட்டிக்கும் ஆங்கிலத்தில் அதே பெயர்தான். அந்தச் சிரிப்பை நாங்கள் எல்லோரும் வேலைக்குச் சேர்ந்த புதிதிலேயே சிரித்து முடித்துவிட்டோம். சோதனையில் அந்த நிலைமை ஒரு தடவையாவது வந்துவிட்டால் பின் நிரம்பிப் பச்சையாகும். எல்லாம் பச்சையானால் சிப் தொழிற்சாலைக்குப் போகும். ஒன்று பச்சையாகாமல் நின்றாலும் யாராவது போய் ஏன் என்று பார்த்தாக வேண்டும்.

இந்தச் சிப் லிஃப்ட் கதவுக்கானது. அதற்கு வருகிற கட்டளைக்கு நான்கு இலக்கம், ஒவ்வொன்றும் 0 அல்லது 1, ஒவ்வொன்றுக்கும் ஒரு கம்பி. முதல் இரண்டும் 1, 1 என்று வந்தால் அது கதவைப் பற்றிய கட்டளை. கடைசி இரண்டு இலக்கம், திற, மூடு, அப்படியே நில், மறுபடி திற என்பவற்றில் எது என்று சொல்லும். மின்சாரம் போய்த் திரும்பி வந்தவுடன் ஏதாவது ஒரு கதவுக் கட்டளை சோதனையில் வந்திருக்க வேண்டும், எந்தக் கட்டளை என்பது முக்கியமில்லை. இதற்குச் சின்னவள் எழுதிய விதி 11??. கேள்விக்குறி உள்ள இடத்தில் எது வந்தாலும் சரி என்று பொருள்.

ஆனால் எங்கள் உலகில் 0, 1 தவிர மூன்றாவது ஒன்றும் உண்டு. அதன் பெயர் எக்ஸ். ஒரு கம்பிக்கு யாரும் எந்த மதிப்பும் கொடுக்கவில்லை என்றால் கணினி அதை எக்ஸ் என்று காட்டும். தெரியாது என்று பொருள். நிஜச் சிப்பில் எக்ஸ் கிடையாது. அங்கே அது 0 ஆகவோ 1 ஆகவோ தன் இஷ்டத்துக்கு விழும். சோதனையில் மின்சாரம் திரும்பியதும் வந்த கட்டளை 1, 1, எக்ஸ், எக்ஸ். கதவுக் கட்டளைதான், ஆனால் என்ன கட்டளை என்று தெய்வத்துக்கும் தெரியாது. கருவி அதைக் கேள்விக்குறியோடு வைத்துப் பார்த்தது. எதுவானாலும் சரி என்றுதானே சொன்னார்கள் என்று பின்னைப் பச்சையாக்கிவிட்டது.

பரவாயில்லை வேறு, தெரியாது வேறு. என்ன சமைத்தாலும் பரவாயில்லை என்கிறவரும், என்ன சமைத்திருக்கிறார்கள் என்றே தெரியாது என்கிறவரும் ஒரே ஆள் இல்லை. இந்த வித்தியாசம் கருவிக்குத் தெரியவில்லை.

சிப் தயாராகி, வெள்ளோட்டத்துக்கு வைத்த லிஃப்ட்டுகளில் மாட்டப்பட்டது. மின்சாரம் போய் வந்தபோது சில கதவுகள் திறந்தே கிடந்தன. சில மூடிக்கொண்டு அடம்பிடித்தன. ஒன்று மட்டும் வெற்றிலை மெல்லும் வாய் போலத் திறந்து மூடி, திறந்து மூடி நின்றது. நல்லவேளை, உள்ளே ஆள் இல்லை. செய்த சிப் எல்லாம் குப்பைக்குப் போனது. அந்தப் பின் நிஜப் பின்.

காரணம் தேடினால் அது ஒளிந்துகொண்டிருக்கவில்லை. எக்ஸ் வந்த அந்த இரண்டு கம்பிகளுக்கும் தொடக்க மதிப்புக் கொடுக்கச் சுற்றை வடிவமைத்தவர் மறந்துவிட்டார். அதுதான் முதல் பிழை. அதைப் பற்றி அன்றைய கூட்டத்தில் யாரும் வாய் திறக்கவில்லை. அடுத்த சிப்புக்கு அவர் வேண்டும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள். இங்கே பூசணிக்காய் மேலாளருக்கு வலப்பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்து, கைப்பேசியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தது.

கூட்டம் எடுத்துக்கொண்ட கேள்வி ஒன்றே ஒன்று. காலியாக நின்றிருக்க வேண்டிய பின் ஏன் பச்சையானது, அதற்கு யார் பொறுப்பு. பொறுப்பு யார் மேல் விழுகிறதோ அவருக்கு இங்கே வேலை இல்லை என்பது மனிதவள அம்மாள் வந்து உட்கார்ந்ததிலேயே தெரிந்துவிட்டது. அவர் சும்மா ஒரு கூட்டத்துக்கு வருகிறவர் இல்லை.

நான் குறிப்பு எழுத வந்தவள். பேசுவதற்கு என்னைக் கூப்பிடவில்லை. இருந்தாலும் சொன்னேன். அந்த விதியை எழுதிய வாரமே, எல்லோரும் கூடிப் பார்வையிட்டபோது, சின்னவள் இதே கேள்வியை மேலாளரிடம் கேட்டாள். கேள்விக்குறி உள்ள இடத்தில் எக்ஸ் வந்தால் கருவி அதையும் பொருந்துகிறது என்று எடுத்துக்கொள்ளுமா என்று கேட்டாள். மேலாளர் பையை மூடிக்கொண்டே பரவாயில்லை என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். நான் அவள் பக்கத்தில்தான் இருந்தேன். இதைச் சொல்லிவிட்டு, சொன்னதைக் குறிப்பிலும் எழுதினேன்.

மனிதவள அம்மாள் மேலாளரைப் பார்த்தார். அவர் மறுப்பார் என்று நினைத்தேன். மறுக்கவில்லை.

“சொன்னேன். சொல்லலன்னு சொல்லல. ஆனா நான் சொன்ன பரவாயில்ல வேற.”

“வேறன்னா?”

“அவங்க தயங்கித் தயங்கிக் கேட்டாங்க. கேட்டதுல தப்பில்ல, பரவாயில்லன்னு சொன்னேன். அது பதில் இல்லைங்க, மரியாதை.”

கருவிக்காரர் பிஸ்கட்டைப் பாதியில் நிறுத்திவிட்டு அவரை ஒருமாதிரி மதிப்போடு பார்த்தார். தொழில்காரன் தொழில்காரனைப் பார்க்கிற பார்வை.

அதற்குள் சின்னவளின் நாற்காலி பாதி இறங்கிவிட்டது. மேசை விளிம்பு அவள் நெஞ்சளவுக்கு வந்திருந்தது. அங்கிருந்தே கேட்டாள்.

“அப்ப பதில் என்ன சார்?”

“எதுக்கு?”

“அன்னைக்குக் கேட்டதுக்கு. இப்பவாவது சொல்லுங்க. எக்ஸ் வந்தா பொருந்துமா, பொருந்தாதா?”

மேலாளர் கருவிக்காரரைப் பார்த்தார். கருவிக்காரர் கையைத் துடைத்துக்கொண்டு விதிநூலைப் பற்றிச் சொன்னார். எல்லாக் கம்பெனிகளுக்கும் பொதுவாகத் தரக்குழு வெளியிடும் விதிநூல் அது. அதில் ஓரிடத்தில், கேள்விக்குறி எந்த மதிப்போடும் பொருந்தும் என்று இருக்கிறதாம். பின்னிணைப்பில், கேள்விக்குறி என்றால் 0 அல்லது 1 என்று இருக்கிறதாம். அவர்கள் கம்பெனி முன்னால் இருப்பதை எடுத்துக்கொண்டதாம். முன்னால் இருப்பதைத்தானே முதலில் படிப்போம் என்று வேறு கேட்டார்.

“கடைசி வரைக்கும் படிக்கறவங்க என்ன சார் பண்றது?” என்றாள் சின்னவள்.

அவள் நாற்காலி இன்னும் ஒரு விரற்கடை இறங்கியது.

இறுதியில் மேலாளரே ஒரு வழி சொன்னார். விதிநூலின் வழவழா கொழகொழாவுக்கு நாம் ஏன் அடித்துக்கொள்ள வேண்டும், தரக்குழுவுக்கே எழுதிக் கேட்டுவிடுவோம். எக்ஸ் பொருந்தாது என்று பதில் வந்தால் தப்பு கருவியுடையது. பொருந்தும் என்று வந்தால் விதி எழுதியவருடையது. அதுவரை யாரும் யாரையும் எதுவும் சொல்ல வேண்டாம். நியாயமாகத்தான் பட்டது. கடிதத்தை நான் எழுத வேண்டும் என்று முடிவாயிற்று, எழுத்து எனக்கு வரும் என்பதால்.

நிற்க. நானும் அவளும் ஒரே வீட்டுக்கு வாழ்க்கைப்பட்ட கதையையும் இங்கே சொல்லிவிட வேண்டும். அவள் வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் எனக்குப் பழக்கம். கொழுந்தனாருக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இந்தப் பெண்ணைக் கேட்டுப் பார்க்கலாமா என்று நான்தான் பேச்சை எடுத்தேன். மாப்பிள்ளை எப்படி என்று என்னிடம் விசாரித்தாள். பரவாயில்லை என்று சொல்லிவைத்தேன். “பரவாயில்லன்னா நல்லவரா, இல்ல வெறும் பரவாயில்லையா?” என்றாள். அப்போதே நான் யோசித்திருக்க வேண்டும்.

ஒரே வீட்டில் கீழே நாங்கள், மேலே அவர்கள். சமையல் ஒன்று. உப்பைக் கொஞ்சம் தூக்கலாகப் போடு என்றால் கொஞ்சம் என்பது எவ்வளவு என்பாள். சீக்கிரம் வா என்றால் எத்தனை மணி என்பாள். மாமியார் ஒருநாள் என்னிடம் சொன்னது: “அவகிட்ட நல்லா இருக்கேன்னு சொல்லித் தப்பிக்க முடியலம்மா. எந்த விதத்துல நல்லா இருக்கீங்க அத்தைன்னு நிக்க வெச்சுக் கேக்கறா.” சேர்ந்து சிரித்தோம். உள்ளதைச் சொன்னால் எனக்கும் அவளைக் கண்டால் எரிச்சல்தான். ஓரகத்தி என்ற உறவே உரசுவதற்கு வைத்தது.

ஆனால் அந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்தபோது அவள் இல்லாமல் எனக்கு ஆகவில்லை. சாப்பாட்டு மேசையில் தட்டுகளை ஒதுக்கிவிட்டு எதிரும் புதிருமாக உட்கார்ந்தோம். பள்ளிக்கூடத்தில் பழகியபடி அனுப்புநர், பெறுநர், பொருள் என்று வரிசையாக எழுதிக்கொண்டு வந்தேன். ‘கனிவுடன்’ எதற்கு, கேள்விதானே கேட்கிறோம் என்றாள். எடுத்தேன். ஓரிடத்தில் எக்ஸ் முதலிய மதிப்புகள் என்று எழுதியிருந்தேன்.

“முதலியன்னா எதெல்லாம்க்கா?”

அடித்தேன். எரிச்சலோடு அடித்தேன், ஆனால் அடித்த பிறகுதான் வாக்கியம் நிமிர்ந்து நின்றது. கேள்விக்குறி 0 அல்லது 1 என்ற மதிப்புக்கு மட்டும் பொருந்தும், அறியப்படாத மதிப்பு எதற்கும் பொருந்தாது என்று தெளிவுபடுத்தினால் போதும். இது அவள் வாய், என் கை. கீழே எடுத்துக்காட்டாக நான்கு கட்டளைகளை எழுதி, ஒவ்வொன்றும் பொருந்துமா பொருந்தாதா என்று கேட்டோம். பொருந்துமாக்கும் என்ற மாதிரி பதில் எழுத இடமே விடவில்லை. மாமியார் கூடத்திலிருந்து எட்டிப் பார்த்து, ரெண்டு பேரும் சண்டை போடாமல் ஒரு மேசையில் உட்கார்ந்து இன்றைக்குத்தான் பார்க்கிறேன், மழை வரப் போகிறது என்று சொல்லிவிட்டுப் போனார்.

பதில் வருவதற்குள் அலுவலகத்தில் அவளுக்குக் கேள்விக்குறி என்று பெயர் வைத்துவிட்டார்கள். முதுகுக்குப் பின்னால்தான். அவளோடு டீ குடிக்கப் போகிறவர்கள் குறைந்தார்கள். இதெல்லாம் எங்கும் நடப்பது.

பதில் வந்தது. நல்ல பதில். அறியப்படாத மதிப்பு கேள்விக்குறிக்குப் பொருந்தாது என்று எங்கள் வாக்கியத்தையே எழுத்துப் பிசகாமல் எடுத்துக்கொண்டிருந்தார்கள். விதிநூலின் அடுத்த பதிப்பில் அப்படியே அச்சாகும் என்றும் எழுதியிருந்தார்கள். படித்துக்கொண்டே வந்த எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதற்குக் கீழே இன்னொரு வரி இருந்தது. நடப்புப் பதிப்பைப் பொறுத்தவரை, இரண்டு விதமாக எடுத்துக்கொள்வதும் ஏற்கத்தக்கதே.

அந்த வரி எப்படி வந்தது என்று எனக்குப் பிறகு தெரிந்தது. குடிநீர் வடிகட்டி இருக்கும் மூலையில் கருவிக்காரரே சொன்னார். எங்கள் கடிதத்துக்குப் பதில் எழுதிய தரக்குழுவின் துணைக்குழுவில் அவரும் ஓர் உறுப்பினர். ஒளித்துப் பேசுகிற ஆளில்லை அவர்.

“நியாயமா பாத்தா உங்க வீட்டுச் சின்னவங்க சொன்னதுதாங்க சரி. ஓட்டெடுப்புல நானும் கை தூக்கினேன்.”

“எதுக்குத் தூக்கினீங்க?”

“ரெண்டுக்கும்தான்.”

டம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனார்.

மீண்டும் அதே அறை, அதே நாற்காலிகள். இம்முறை கருவிக்காரர் வரவில்லை. வரத் தேவையும் இல்லை. மேலாளர் பதிலை முழுவதும் வாசிக்கவில்லை, கடைசி வரியை மட்டும் வாசித்தார். முன்னால் இருப்பதை முதலில் படிப்பவர்களும் உண்டு, பின்னால் இருப்பதை மட்டும் படிப்பவர்களும் உண்டு. இரண்டும் சரி என்று தரக்குழுவே சொல்லிவிட்டதால் கருவியைக் குறை சொல்ல முடியாது. இரண்டில் எது வேண்டும் என்று விதியை எழுதியவர்தான் தெளிவாக எழுதியிருக்க வேண்டும். இப்படி அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். எழுதும்போது ஒன்று தோன்றியது. பொருந்தாது என்று வந்தால் கருவி, பொருந்தும் என்று வந்தால் அவள் என்று அவரே போட்ட கணக்கில், இரண்டும் என்று வந்தால் என்ன செய்வது என்பதற்கு இடம் இல்லை. அந்த இடத்தை அவர் நிரப்பிக்கொண்டார். இதைச் சொன்னேன். குறிப்பில் எழுதிக்கொள்ளுங்கள் என்றார். எழுதிக்கொண்டேன்.

சின்னவள் அன்று ஒன்றும் கேட்கவில்லை. நாற்காலி இறங்குவதற்குள் எழுந்துவிட்டாள். தானாக விலகுவதாக எழுதிக் கொடுத்தால் நல்லது என்று மனிதவள அம்மாள் பக்குவமாகச் சொன்னார். எழுதிக் கொடுத்தாள். அதைக்கூட நான் பார்த்துத் திருத்தித் தர வேண்டியிருந்தது. ‘சொந்தக் காரணங்களுக்காக’ என்று போடச் சொன்னார்கள். யாருடைய சொந்தக் காரணம் என்று அவள் கேட்பாள் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை.

வீட்டில் கொழுந்தனார், விடு, போனால் போகிறது என்றார். அவர் சுபாவம் அது. மாமியார் தன் பங்குக்கு, கேள்வியாகக் கேட்டால் வாயை மூட வழி பார்ப்பார்கள் என்று நான் அப்போதே சொன்னேனே என்றார். ஆனால் மறுநாளிலிருந்து காலை டீயை முதலில் மாடிக்குத்தான் கொடுத்தனுப்பினார். நான் தயாராகி வேலைக்குக் கிளம்பும்போது சின்னவள் மாடிப்படியில் நின்று பார்ப்பாள். போய் வருகிறேன் என்று சொல்லாமலே செருப்பை மாட்டிக்கொள்வேன்.

ஊர் ஊராக எழுதிப் போட்டாள். ஒரே ஓர் இடத்தில் கூப்பிட்டார்கள். இரண்டு தடவை பேசினார்கள். வேலை இதே வேலைதான். பிடித்துப்போயிற்று என்று சொல்லிவிட்டு, பழைய இடத்தில் விசாரித்த பிறகு உறுதி செய்வதாகச் சொன்னார்கள். விசாரணைத் தாள் எங்கள் அலுவலகத்துக்கு வந்தது. என்ன வேலை பார்த்தார், எப்படிப் பார்த்தார், ஏன் விலகினார். நிரப்பி, மேலாளர் கையெழுத்தோடு உறையை ஒட்டி நேரே அவர்களுக்கு அனுப்ப வேண்டும். அதுவும் சுற்றிச் சுற்றி என் மேசைக்குத்தான் வந்தது. மனிதவள அம்மாள் என்னிடம் தனியாக, ஏன் விலகினார் என்ற இடத்தில் ஒரு கோடு போட்டுவிடுங்கள், அதுதான் வழக்கம், நமக்கும் வம்பில்லை என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலை, மொட்டை மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். நானும் போய் ஒரு முனையைப் பிடித்துப் போர்வையைப் பிழிந்தேன். விஷயத்தைச் சொன்னேன். கோடு என்றதும் போர்வையைக் கீழே போட்டுவிட்டாள்.

“கோடு வேண்டாம்க்கா. கோடு போட்டா எது வேணாலும் பொருந்தும். திருட்டுன்னாலும் பொருந்தும், சண்டன்னாலும் பொருந்தும். படிக்கறவங்க மனசுல என்ன இருக்கோ அது பச்சையாயிடும்.”

அவளுக்குத் தெரியாமலா இருக்கும். நான் கோடு போடுவதாக இல்லை. எழுதி வைத்திருந்ததை இடுப்பிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். மூன்று வாக்கியம். சோதனை விதியிலிருந்த தெளிவின்மையை இவர் முன்கூட்டியே சுட்டிக்காட்டினார். அவருக்குப் பதில் அளிக்கப்படவில்லை. பின்னர் ஏற்பட்ட இழப்புக்கான பொறுப்பு அவர் மேல் வைக்கப்பட்டதால் விலகினார். ஒரு சொல் கூடுதலும் இல்லை, குறைவும் இல்லை. நான் எழுதியவற்றில் நேரான கடிதம் அது என்று எனக்கு நினைப்பு.

துணிக்கிளிப்பை வாயில் கவ்விக்கொண்டே படித்தாள். மறுபடியும் படித்தாள். கிளிப்பை எடுத்துவிட்டுச் சிரித்தாள்.

“நல்லா இருக்குக்கா. ஃப்ரேம் போட்டு மாட்டலாம். ஆனா இதப் படிச்சா யாரு வேலைக்கு வெச்சுப்பாங்க?”

“உண்மையத்தான எழுதியிருக்கேன்.”

“அதான். முன்னாடியே சுட்டிக்காட்டுவா, பதில் வரலன்னா ஞாபகம் வெச்சுப்பா. இப்படி ஒருத்திய எந்த பரவாயில்ல சார் உள்ள விடுவாரு? எல்லா ஆபீஸ்லயும் ஒருத்தர் இருப்பாருல்ல.” தாளை மடித்து என் கையில் வைத்தாள். “தப்பு பண்ணிட்டான்னு எழுதுங்க.”

“நீ பண்ணலியே.”

“தப்பு பண்ணவங்களுக்கு இன்னொரு சான்ஸ் குடுப்பாங்க. சரியா சொன்னவங்களுக்கு யாருக்கா குடுப்பாங்க?”

பொய் எழுத என் கை வராது என்றேன். பொய் இல்லை, எது வேண்டும் என்று தெளிவாக எழுதியிருக்க வேண்டும் என்று சாரே சொன்னாரே, அதை எழுதுங்கள் என்றாள். அதைச் சொல்லும்போது அவள் குரலில் கோபம்கூட இல்லை. கணக்குப் பார்த்து முடித்தவள் குரல். அந்த நேர்மையான மூன்று வாக்கியத்தை நான் யாருக்காக எழுதினேன் என்று எனக்கே அப்போது சந்தேகம் வந்தது.

போர்வையை மறுபடி அலசி, பிழிந்து, கயிற்றில் போட்டோம். கீழே இறங்கும்போது பின்னாலிருந்து கூப்பிட்டாள்.

“அக்கா, எந்தக் குறின்னு சரியா எழுதுங்க. ‘சில குறிகள’ன்னு எழுதிடாதீங்க. ஒண்ணே ஒண்ணுதான்.”

திங்கட்கிழமை அலுவலகத்தில் எழுதினேன். ஒரு சோதனை விதியில் கேள்விக்குறியைத் தவறாகப் பயன்படுத்தினார். தவறை உணர்ந்து ஏற்றுக்கொண்டு விலகினார். பணியில் வேறு குறை எதுவும் இல்லை. ‘உணர்ந்து’ என்ற சொல்லில் பேனா நின்றது. அது இல்லாவிட்டால் திருந்தினாள் என்று அவர்கள் நம்ப மாட்டார்கள். எழுதினேன். நல்ல கையெழுத்து, அடித்தல் திருத்தல் இல்லை.

மேலாளர் அறைக்குக் கொண்டுபோனேன். என் கோப்பில் பழைய மூன்று வாக்கியத் தாளும் இருந்தது. அவர் தொலைபேசியில் யாரிடமோ அடுத்த சிப்பைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். என்ன தாள் என்று கேட்கவில்லை. எங்கே கையெழுத்து என்று மட்டும் விரலால் கேட்டார். காட்டினேன்.

“படிச்சுப் பாத்துடுங்க சார்.”

“பரவாயில்ல. நீங்க எழுதினா சரியாத்தான் இருக்கும்.”

கையெழுத்துப் போட்டார். எந்தத் தாளை நீட்டியிருந்தாலும் போட்டிருப்பார். அவர் கையெழுத்து ஒரு கேள்விக்குறி, அதன் கீழே எது வந்தாலும் பொருந்தும். வெளியே வந்து, அந்தப் பழைய தாளை நான்காக மடித்துக் கிழித்துப் பின்னில் போட்டேன்.

தபால் பிரிவில் பசை காய்ந்து கிடந்தது. தண்ணீர் தொட்டுக் குழைத்து உறையின் நாக்கில் தடவி, ஒட்டி, உள்ளங்கையால் அழுத்தினேன். ஒட்டிய கோட்டின் குறுக்கே முத்திரை குத்தினேன். பெறுநர் முகவரியை எழுதினேன். கூரியர்காரர் பையை மேசை மேல் வைத்துவிட்டுக் காத்துக்கொண்டிருந்தார். உறையை வாங்கித் தூக்கிப் பார்த்துவிட்டு, ரசீதில் ஓர் இடத்தில் பேனாவை வைத்தார்.

“உள்ள என்னங்க? எதாவது ஒண்ணு போட்டாகணும், காலியா விடக் கூடாது.”

“லெட்டர்.”

“யாராவது வாங்கிக்கிட்டா பரவாயில்லையா, அவங்க கையிலயே குடுக்கணுமா?”

“அவங்க கையிலயேதான்,” என்றேன்.

எழுதிக்கொண்டு, உறையை மற்ற உறைகளோடு பைக்குள் போட்டு, ஜிப்பை இழுத்து மூடிக்கொண்டு கிளம்பினார்.